எதிரியைவிட சொந்த வீரர்களுக்கே ஆபத்தா? பிரிட்டனின் 'ஏஜாக்ஸ்' கவச வாகனம் சறுக்கியது எங்கே?

கவச வாகனம் வருகிறது என்றால் எதிரிக்குத்தான் நடுக்கம் வரணும். பிரிட்டன் ராணுவத்தின் புத்தம் புது கவச வாகனமான ஏஜாக்ஸ் விஷயத்தில் கதை தலைகீழ். உள்ளே உட்கார்ந்து போன வீரர்களுக்குத்தான் கை நடுக்கம், குமட்டல், காதில் இரைச்சல் என்று புகார்கள் வருகின்றன.

2025 நவம்பர் 6-ஆம் தேதி, வேல்ஸில் உள்ள மெர்தர் டிட்ஃபில் ஊரில் இருக்கும் தொழிற்சாலையில் நின்றபடி பிரிட்டன் பாதுகாப்புத் துறை இணை அமைச்சர் லூக் பொல்லார்ட் ஒரு முக்கிய அறிவிப்பை வெளியிட்டார். ஏஜாக்ஸ் ஆரம்பக்கட்ட செயல்பாட்டு நிலையை எட்டிவிட்டது, அதாவது தேவைப்பட்டால் களத்துக்கு அனுப்பலாம் என்பதுதான் அந்த அறிவிப்பு.

சரியாக 16 நாட்கள் கழித்து, நவம்பர் 22-ஆம் தேதி, 'டைட்டன் ஸ்டார்ம்' என்ற பயிற்சியில் ஏஜாக்ஸ் வாகனங்களில் சென்ற சுமார் 30 வீரர்களுக்கு உடல்நலக் கோளாறு ஏற்பட்டது. எல்லாமே சத்தம், அதிர்வு சம்பந்தப்பட்ட அறிகுறிகள். சிலர் வாந்தி எடுத்தபடி இறங்கினார்கள் என்று பிரிட்டன் ஊடகங்கள் எழுதின. யாருக்கும் உயிர் ஆபத்து இல்லை என்றாலும், வாகனத்தைப் பயிற்சிக்குப் பயன்படுத்துவது நிறுத்தி வைக்கப்பட்டது. டிசம்பரில் இன்னொரு வீரரும் இதேபோன்ற புகாரைச் சொல்ல, சோதனை ஓட்டங்களும் நிறுத்தப்பட்டன.

புது வாகனத்தில் சின்னச் சின்னக் கோளாறு வருவது சகஜம்தானே என்று தோன்றலாம். ஆனால் இது புதுக் கோளாறு இல்லை. இதே சத்தம், இதே அதிர்வு பற்றிய எச்சரிக்கை 2018-லேயே எழுத்துப்பூர்வமாகப் பதிவாகியிருக்கிறது. அப்படியிருந்தும் ஏழு வருடம் கழித்து வீரர்கள் எப்படி மீண்டும் அதே வாகனத்தில் ஏற்றப்பட்டார்கள்? விரிவாகப் பார்க்கலாம்.

ஏஜாக்ஸ் என்றால் என்ன?

ஏஜாக்ஸ் என்பது கிரேக்கப் புராணத்தில் வரும் ஒரு மாவீரனின் பெயர். வாகனத்தின் வேலை வேவு பார்ப்பது. பெரிய டாங்கிகளுக்கு முன்னால் போய், எதிரி எங்கே இருக்கிறான், எவ்வளவு பலம், எந்தப் பக்கம் நகர்கிறான் என்று கண்டுபிடித்துத் தகவல் அனுப்ப வேண்டும். தேவைப்பட்டால் சண்டையும் போட வேண்டும்.

பார்க்க டாங்கி மாதிரியே இருக்கும். சங்கிலிச் சக்கரம், மேலே சுழலும் டரெட், அதில் 40 மில்லிமீட்டர் பீரங்கி. இந்த பீரங்கியின் குண்டு வித்தியாசமானது. வழக்கமான தோட்டாவில் குண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இதில் குண்டு முழுவதும் வெடிமருந்துக் கூட்டுக்குள்ளேயே புதைந்திருக்கும். அதனால் குறைந்த இடத்தில் அதிகக் குண்டுகளை அடுக்க முடியும்.

மொத்தம் 589 வாகனங்கள், ஆறு வகைகள். வேவு பார்க்கும் பீரங்கி வாகனத்தின் பெயர்தான் ஏஜாக்ஸ். வீரர்களை ஏற்றிச் செல்ல ஏரிஸ், தளபதிகளுக்கான நடமாடும் கட்டுப்பாட்டு அறையாக அதீனா, பழுது பார்க்க அப்போலோ, பழுதான வண்டியை இழுத்து வர அட்லஸ், பொறியாளர் படைக்கு ஆர்கஸ். ஆறுக்கும் அடிப்படை உடல் ஒன்றுதான். எனவே அடிப்படையில் கோளாறு இருந்தால் அது மொத்தக் குடும்பத்தையும் பாதிக்கும்.

தயாரிப்பது ஜெனரல் டைனமிக்ஸ் நிறுவனத்தின் பிரிட்டன் பிரிவு. ஒப்பந்த மதிப்பு சுமார் 550 கோடி பவுண்டு. இந்திய மதிப்பில் 60 ஆயிரம் கோடி ரூபாய்க்கும் மேல். வடிவமைப்பு, பயிற்சி, ஆரம்பகாலப் பராமரிப்பு எல்லாம் சேர்ந்த தொகை இது. வாகன எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு வண்டிக்கு கிட்டத்தட்ட 100 கோடி ரூபாய் வருகிறது.

8 டன் வண்டி இருந்த இடத்தில் 38 டன் வண்டி

ஏஜாக்ஸ் வருவதற்கு முன்பு இந்த வேலையைச் செய்தது 'சிமிட்டார்' உள்ளிட்ட இலகுரக வாகனங்களின் குடும்பம். 1970-களில் சேவைக்கு வந்தவை. சிமிட்டாரின் எடை வெறும் 8 டன் அளவில்தான் இருக்கும். 1982-இல் ஃபாக்லாந்து தீவுப் போரில், சேறும் சதுப்புமான நிலத்தில் கனரக டாங்கிகளைக் கொண்டு போக முடியாத இடத்தில் இந்தக் குட்டி வண்டிகள் ஓடின.

ஆனால் இராக், ஆப்கானிஸ்தான் போர்களில் சாலையோரக் குண்டுகள் வந்த பிறகு இவ்வளவு லேசான கவசம் போதாது என்பது தெரிந்துவிட்டது. கவசம் கூடினால் எடை கூடும். எடை கூடினால் பெரிய இன்ஜின் வேண்டும். பெரிய இன்ஜினுக்குப் பெரிய உடல் வேண்டும். இப்படியே போய், ஏஜாக்ஸ் 38 டன்னில் வந்து நின்றது. எதிர்காலத்தில் 42 டன் வரை போகலாம் என்ற கணக்கில் வடிவமைக்கப்பட்டது. உள்ளே இருப்பது சுமார் 800 குதிரைத்திறன் கொண்ட ஜெர்மன் டீசல் இன்ஜின்.

இதற்கான அடிப்படை வடிவம் புதிதாக உருவாக்கப்பட்டது அல்ல. ஆஸ்திரியாவும் ஸ்பெயினும் சேர்ந்து உருவாக்கிய 'அஸ்காட்' என்ற கவச வாகனத்திலிருந்து எடுத்தது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வண்டியை வாங்கி, கொஞ்சம் மாற்றினால் போதும், ரிஸ்க் குறைவு என்பதுதான் யோசனை.

அங்கேதான் சிக்கல். பிரிட்டன் கேட்ட மாற்றங்கள் கொஞ்சநஞ்சம் இல்லை. வாகனத்துக்கு சுமார் 1,200 தேவைகளை ராணுவம் பட்டியலிட்டதாக அந்நாட்டின் தேசியத் தணிக்கை அலுவலகம் 2022 மார்ச் அறிக்கையில் சொல்கிறது. கடையில் இருக்கும் ரெடிமேட் சட்டையை எடுத்து, கை, காலர், தோள், நீளம் என்று எல்லாவற்றையும் பிரித்துத் தைக்கச் சொன்னால் அது ரெடிமேட் சட்டையா? பெயருக்கு ரெடிமேட், உண்மையில் புதுத் தையல். ஆனால் விலையும் காலக்கெடுவும் மட்டும் ரெடிமேட் கணக்கில் போடப்பட்டன.

இன்னொரு தவறும் சேர்ந்தது. சோதனை முடிந்து, வடிவமைப்பு உறுதியான பிறகு உற்பத்தியைத் தொடங்குவதுதான் முறை. இங்கே சோதனையும் உற்பத்தியும் ஒரே நேரத்தில் நடந்தன. சோதனையில் கோளாறு தெரியவரும்போது தொழிற்சாலையில் அதே கோளாறோடு அடுத்தடுத்த வண்டிகள் தயாராகிக்கொண்டிருந்தன.

சத்தமும் அதிர்வும் உடம்பை என்ன செய்யும்?

பழைய டவுன் பஸ்ஸின் கடைசி சீட்டில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து வந்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். இறங்கிய பிறகும் உடம்பு கொஞ்ச நேரம் அதிர்ந்துகொண்டே இருக்கும். ஏஜாக்ஸில் இது பல மடங்கு. இரும்புச் சங்கிலி தரையில் அடிக்கும் அதிர்வு, இன்ஜின் அதிர்வு எல்லாம் உடல் வழியாக இருக்கைக்கும், கைப்பிடிக்கும், பார்வைக் கருவிக்கும் வந்து சேர்கின்றன. பார்வைக் கருவியில் முகத்தை வைத்து மணிக்கணக்கில் வேவு பார்ப்பதுதான் அந்த வீரரின் வேலையே.

பிரிட்டனில் வேலை இடங்களுக்கு 2005-ஆம் ஆண்டின் இரண்டு தனித்தனி விதிமுறைகள் இருக்கின்றன. சத்தத்தைப் பொறுத்தவரை, ஒரு நாள் சராசரி 85 டெசிபலைத் தொட்டால் காதுப் பாதுகாப்புக் கட்டாயம். காதுக் கவசம் போட்ட பிறகும் காதுக்குள் போகும் அளவு 87 டெசிபலைத் தாண்டவே கூடாது. டெசிபல் கணக்கு சாதாரணக் கூட்டல் கழித்தல் இல்லை. 3 டெசிபல் கூடினாலே ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகிவிடும். அதாவது பாதுகாப்பாக இருக்கக்கூடிய நேரம் பாதியாகிவிடும்.

அதிர்வுக்கும் இதேபோல உச்ச வரம்பு உண்டு. கைப்பிடி வழியாக வரும் அதிர்வு நீண்டகாலம் தொடர்ந்தால் விரல்களில் ரத்த ஓட்டமும் நரம்புகளும் பாதிக்கப்படும். விரல் மரத்துப்போகும், வெளிறிப்போகும். இருக்கை வழியாக வரும் அதிர்வு முதுகெலும்பைப் பதம் பார்க்கும்.

காதின் நிலைமை இன்னும் மோசம். உட்காதில் ஒலியை உணரும் நுண்ணிய மயிர்ச் செல்கள் ஒருமுறை அழிந்தால் திரும்ப முளைக்காது. கண்ணாடி போட்டுப் பார்வையைச் சரிசெய்வதுபோல இதைச் சரிசெய்ய முடியாது. 20 வயதில் ராணுவத்தில் சேர்ந்த ஒருவர், போர்க்களத்தையே பார்க்காமல், பயிற்சி மைதானத்திலேயே வாழ்நாள் முழுக்கக் காது இரைச்சலோடு வாழ வேண்டிய நிலை வரலாம். இந்த விவகாரத்தில் பணத்தைவிடப் பெரிய நஷ்டம் இதுதான்.

முதல் எச்சரிக்கை எப்போது வந்தது?

2010-இல் வடிவமைப்புக்கான ஒப்பந்தம் போடப்பட்டது. 2014 செப்டம்பரில், வேல்ஸில் நேட்டோ உச்சிமாநாடு நடக்கும் நேரத்தில், அப்போதைய பிரதமர் டேவிட் கேமரூன் 589 வாகனங்களுக்கான ஆர்டரை அறிவித்தார். 2017-இல் சேவைக்கு வரும் என்பது ஆரம்பக் கணக்கு. வரவில்லை. பிறகு 2020 என்றார்கள், 2021 ஜூன் என்றார்கள். அதுவும் நடக்கவில்லை.

2018 டிசம்பரிலேயே, அதிர்வைக் குறைக்க வடிவமைப்பில் மாற்றம் தேவை என்று ஒரு பாதுகாப்புக் குறிப்பு சொன்னது. ஆனால் சோதனைகள் தொடர்ந்தன. 2020 நவம்பரில்தான் முதல்முறையாகச் சோதனைகள் நிறுத்தப்பட்டன. திரும்பத் தொடங்கி, 2021 ஜூனில் மறுபடியும் நின்றன. வேகம் மணிக்கு சுமார் 32 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது, 20 சென்டிமீட்டர் உயரத் தடையைக்கூடப் பின்னோக்கி ஏறக் கூடாது என்றெல்லாம் ஒரு கட்டத்தில் கட்டுப்பாடுகள் இருந்தது 2021-இல் அம்பலமானது. வேவு பார்க்க வேகமாகப் போக வேண்டிய வண்டிக்கு வேகத்தடை!

2021 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் அரசு சொன்ன விவரம் இது: ஏஜாக்ஸ் சத்தம், அதிர்வுக்கு ஆளானவர்கள் என 310 பேர் அடையாளம் காணப்பட்டனர். அவர்களில் 17 பேர் காது தொடர்பாகச் சிறப்பு மருத்துவர்களின் கண்காணிப்பில் இருந்தனர். 11 பேருக்கு, சத்தமான இடங்களில் வேலை செய்வதில் நீண்டகாலக் கட்டுப்பாடு பரிந்துரைக்கப்பட்டது. இந்த 11 பேரில் 7 பேருக்கு ஏற்கெனவே காதுப் பிரச்னை இருந்தது என்பதையும் அரசு சேர்த்தே சொன்னது. அப்படியென்றால் காது பலவீனமானவர்களை அந்த வண்டியில் ஏற்றியது ஏன் என்ற கேள்வியும் கூடவே எழுகிறது.

அதே நேரத்தில் பணக் கணக்கு? 2021 டிசம்பர் வரை சுமார் 320 கோடி பவுண்டு கொடுக்கப்பட்டிருந்தது. கைக்கு வந்தது 26 வண்டிகள். அதுவும் பயிற்சிக்கு மட்டும்.

சொன்னது யார்? கேட்காதது யார்?

இதைப் பற்றி இரண்டு முக்கிய விசாரணைகள் நடந்தன. முதலாவது, 2021 டிசம்பரில் வெளியான உடல்நல, பாதுகாப்பு ஆய்வு. பாதுகாப்பு அமைச்சகத்தின் அதிகாரி டேவிட் கிங் நடத்தியது. ஒரு தனிநபரின் தவறு என்று எதையும் சுட்ட முடியாது என்று அவர் சொன்னார். ராணுவக் கொள்முதலில் விலை, காலக்கெடு, போர்த்திறன் ஆகிய மூன்றுக்கும் கொடுக்கும் இடத்தை வீரர்களின் பாதுகாப்புக்குக் கொடுப்பதில்லை என்பதுதான் அவருடைய முடிவின் சாரம்.

இரண்டாவது, வழக்கறிஞர் கிளைவ் ஷெல்டன் தலைமையில் நடந்து 2023 ஜூனில் வெளியான ஆய்வு. அமைச்சகத்துக்குள் பிரிவுகளுக்கிடையே ஒட்டுதல் இல்லை, மூத்த அதிகாரிகளிடம் கெட்ட செய்தியைக் கொண்டுபோகத் தயக்கம் இருந்தது என்று அது சொன்னது. 24 பரிந்துரைகளையும் கொடுத்தது.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒரு விஷயம் புரியும். வண்டிக்குள் உட்கார்ந்த வீரருக்குப் பிரச்னை முதல் நாளே தெரியும், ஏனென்றால் அவர் உடம்பே சொல்லிவிடுகிறது. அந்தத் தகவல் அலுவலகம் அலுவலகமாக மேலே ஏற ஏற, 'வலிக்கிறது' என்பது 'சில அசௌகரியங்கள் உள்ளன' என்றாகி, கடைசியில் 'தீர்வு காணப்பட்டு வருகிறது' என்றாகிவிடுகிறது. 2025 நவம்பர் அறிவிப்புக்கு முன்பு, வாகனம் பாதுகாப்பானது என்று தனக்கு எழுத்துப்பூர்வமாக உறுதி கொடுக்கப்பட்டதாக அமைச்சர் பொல்லார்ட் பின்னர் தெரிவித்தார். காகிதத்தில் உறுதி இருந்தது. மைதானத்தில் வேறு விதமாக நடந்தது.

அப்படியென்றால் ஏன் ரத்து செய்யவில்லை?

இது புலி வாலைப் பிடித்த கதை. பிடித்திருக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. அதற்கு நான்கு காரணங்கள்.

ஒன்று, ஒப்பந்தம். இது நிர்ணயிக்கப்பட்ட விலை ஒப்பந்தம். செலவு கூடினால் நிறுவனம்தான் ஏற்க வேண்டும் என்பதால் மக்கள் பணத்துக்கு நல்லது போலத் தெரியும். ஆனால் இந்தக் கோளாறு யாருடைய பொறுப்பு என்பதிலேயே இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு. வாகனம் பாதுகாப்பானது என்பதே நிறுவனத்தின் நிலைப்பாடு. இந்த நிலையில் அரசே ஒப்பந்தத்தை முறித்தால், பெரிய சட்டப் போராட்டம் காத்திருக்கும்.

இரண்டு, மாற்று இல்லை. காலாட்படையின் 'வாரியர்' வாகனங்களை நவீனப்படுத்தும் திட்டம் 40 கோடி பவுண்டுக்கு மேல் செலவழித்த பிறகு 2021 மார்ச்சில் ரத்தானது. பழைய சிமிட்டார்கள் 2023-இல் ஓய்வு பெற்றுவிட்டன. பழைய வாகனங்களில் கணிசமானவை உக்ரைனுக்கும் போய்விட்டன. 'பாக்ஸர்' என்ற எட்டுச் சக்கர வாகனம் வருகிறது, ஆனால் அது வேவு பார்க்கும் பீரங்கி வாகனமாக ஆர்டர் செய்யப்பட்டது அல்ல. பழைய வீட்டை இடித்தாகிவிட்டது, புது வீட்டின் சுவரில் விரிசல் என்ற நிலை.

மூன்று, வேலைவாய்ப்பு. மெர்தர் டிட்ஃபில் ஒரு காலத்தில் இரும்புக்கும் நிலக்கரிக்கும் பெயர்போன ஊர். அந்தத் தொழில்கள் போன பிறகு, ஏஜாக்ஸ் தொழிற்சாலை அங்கே பெரிய ஆதாரம். நாடு முழுக்க 4,000-க்கும் மேற்பட்ட வேலைகள் இந்தத் திட்டத்தைச் சார்ந்தவை என்று அரசு சொல்லிவருகிறது. எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் இந்தக் கதவை மூடுவது சுலபம் இல்லை.

நான்கு, மானப் பிரச்னை. இதற்கு முன்பும் புதிய கவச வாகனத்துக்காகப் பல திட்டங்கள் தொடங்கி, பணம் செலவாகி, வண்டியே வராமல் முடிந்திருக்கின்றன. பாக்ஸர் திட்டத்திலிருந்தே பிரிட்டன் 2003-இல் வெளியேறி, 2018-இல் திரும்பப் போய்ச் சேர்ந்தது. இன்னொரு தோல்வியை ஒப்புக்கொள்ள யாருக்கும் மனம் வராது.

2022-இல் நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு, இதைச் சரிசெய்ய முடியுமா, முடியாதா என்று சீக்கிரம் முடிவெடுங்கள் என்று அரசை நெருக்கியது. அரசு தேர்ந்தெடுத்தது 'சரிசெய்வோம்' என்பதை. நிறுத்தி வைத்திருந்த பணத்தை 2023 மார்ச்சில் மீண்டும் கொடுக்கத் தொடங்கியது. 2025 கடைசிக்குள் ஆரம்பக்கட்டச் செயல்பாடு, 2028 அக்டோபர் முதல் 2029 செப்டம்பருக்குள் முழுச் செயல்பாடு என்று புதிய அட்டவணை போட்டது. முதல் தேதி சொன்னபடி வந்தது. ஆனால் 16 நாட்கள்தான் தாங்கியது.

சரிசெய்த பிறகும் ஏன் திரும்ப வந்தது?

2023-க்கு முன்பு செய்த மாற்றங்கள் பெரும்பாலும் வீரரைத் தொடும் இடங்களில்தான். இருக்கை, கைப்பிடி, பார்வைக் கருவியின் தாங்கி ஆகியவற்றில் அதிர்வைக் குறைக்கும் ஏற்பாடுகள், மேம்பட்ட காதுப் பாதுகாப்பு. இவை அதிர்வு மனிதனை அடைவதைக் குறைக்கும். அதிர்வு பிறக்கும் இடமான சங்கிலி, சஸ்பென்ஷன், இன்ஜின், உடல் எல்லாம் அடிப்படையில் அதேதான்.

இப்படிப்பட்ட ஏற்பாட்டில் ஒரு பலவீனம் உண்டு. எல்லாமே சரியாகப் பொருந்தியிருந்தால்தான் வேலை செய்யும். சங்கிலியின் இறுக்கம், போல்ட்டுகளின் நிலை, காதுக் கவசம் சரியாக உட்காருவது, தரை, வேகம், எத்தனை மணி நேரம் ஓட்டம் என்று எது மாறினாலும் வீரரை அடையும் அளவும் மாறும். சோதனை மைதானத்தில் கணக்குப் போட்டு ஓட்டுவது வேறு, ராணுவப் பயிற்சியில் நாள்கணக்கில் ஓட்டுவது வேறு. நவம்பரில் பாதிப்பு ஏற்பட்டதற்கு உண்மையான காரணம் வாகனமா, பராமரிப்பா, பயன்படுத்திய விதமா என்பதை விசாரணைகள்தான் சொல்ல வேண்டும்.

இனி என்ன ஆகலாம்?

அரசு முன் மூன்று வழிகள் இருக்கின்றன. முதல் வழி, கட்டுப்பாடுகளோடு ஓட்டுவது. இத்தனை மணி நேரம்தான், இவ்வளவு வேகம்தான் என்று. ஆனால் போரில் எதிரி நேரம் பார்த்து வரமாட்டான். இரண்டாவது, அடிப்படையையே மாற்றுவது. சங்கிலி, சஸ்பென்ஷனில் பெரிய மாற்றம் என்றால் ஏற்கெனவே ஒப்படைக்கப்பட்ட 150-க்கும் மேற்பட்ட வண்டிகளையும் பிரிக்க வேண்டும். அந்தச் செலவு யாருடையது என்ற சண்டை மறுபடி தொடங்கும். மூன்றாவது, கைவிடுவது. அப்படியானால் நேட்டோவின் கிழக்கு எல்லையில் ரஷ்யாவை எதிர்நோக்கி நிற்கும் நேரத்தில், பிரிட்டன் ராணுவத்துக்கு வேவு பார்க்கும் கவச வாகனமே இல்லாமல் போகும்.

உக்ரைன் போர் இன்னொரு கேள்வியையும் கிளப்பியிருக்கிறது. விலை குறைந்த ட்ரோன் பறந்துபோய் எதிரியைப் பார்த்துவிடும் காலத்தில், 38 டன் வண்டி முன்னால் போய் எட்டிப் பார்ப்பது எவ்வளவு தூரம் சரி? பார்வைக் கருவிகளும், தகவல் தொடர்பும், கவசமும் இன்னும் தேவை என்று ஆதரவாளர்கள் சொல்கிறார்கள். 2010-இல் எழுதிய தேவைப் பட்டியலுக்கு 2020-களின் போர்க்களம் பொருந்துமா என்று எதிர்ப்பவர்கள் கேட்கிறார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது.

ஆனால் எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரு விஷயம் முதலில் மாறியாக வேண்டும். வண்டியிலிருந்து இறங்கி 'காது கேட்கவில்லை' என்று ஒரு வீரர் சொன்னால், அன்றைக்கே வண்டியை நிறுத்தும் அதிகாரம் அங்கேயே ஒருவரிடம் இருக்க வேண்டும். 2018-இல் அந்த அதிகாரம் யாரிடமாவது இருந்திருந்தால், கோளாறு சில வண்டிகளோடு முடிந்திருக்கும். 310 பேருக்குக் காது பரிசோதனை நடத்த வேண்டிய அவசியம் வந்திருக்காது.